சேலத்துக் கூலியாளும் சுப்ரீம் கோர்ட்டும்

சேலம் பக்கம் மழை பொய்த்துப்போக, நிலமில்லாத கூலியாள் ஒருவர் 1961-ல் பம்பாய்க்கு வந்தார். தஹிசரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் வேலை, தினக்கூலி ரூ.23. நடைபாதையில் பிளாஸ்டிக், கித்தான் குடிசை. அதற்கும் ஒரு பேட்டை தாதா ரூ.2,500 கறந்துவிட்டான். மூன்று மாதக் கூலிக்கும் மேல்!

1981 ஜூலை 13-ல், நடைபாதைவாசிகளைச் சொந்த ஊருக்கே அனுப்பப்போவதாக முதலமைச்சர் அந்துலே அறிவித்தார். பத்தாம் நாள் மாநகராட்சி ஆட்கள் குடிசையைப் பிரித்தெறிந்தார்கள். குடும்பத்தையே சேலம் பஸ்ஸில் ஏற்றினார்கள். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு அவர் மட்டும் திரும்பினார். ஊரில் பிழைப்பு இருந்தால் வந்திருப்பாரா?

வக்கீல் ஃபீஸுக்கு எங்கே போவார்? பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸும் உரிமை இயக்கத்தாரும் வழக்கில் இறங்கியதால் விஷயம் டில்லி வரை போயிற்று. பிழைப்புரிமையும் உயிர்வாழும் உரிமையில் சேர்ந்ததே என்று 1985 ஜூலை 10-ல் தீர்ப்பு வந்தது. முழு வெற்றி அல்ல. நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. மழைக்காலத்தை முன்னிட்டு அக்டோபர் 31 வரை அவகாசம் கிடைத்தது.

இன்று வக்கீலுக்காகப் பெரிய மனிதர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. 1987-ம் ஆண்டு சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர், காவலில் இருப்பவர் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வருமான வரம்பு. ஜில்லா சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அங்குள்ளவர்களே எழுதிக்கொள்வார்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.