எழுதியதைத் திருப்பிக் காட்டுமா தரவுத்தளம்?

சுன்னாகம் மின் நிலையச் சூழலில் கிணற்று நீருடன் எண்ணெய்க் கழிவு கலந்த வழக்கில், நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டுமென உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. இத்தகைய விடயங்களில் எமது மக்களின் பலம் பதிவுதான்: யாருடைய கிணறு, எந்தத் திகதி, என்ன அளவு. காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் இடப்பெயர்வில் தொலைத்தவர்களுக்கு அதன் பெறுமதியைச் சொல்லத் தேவையில்லை.

இன்று விபரங்கள் பெரும்பாலும் கைத்தொலைபேசிச் செயலியில் திரட்டப்படுகின்றன. செயலிக்கும் தரவுத்தளத்துக்கும் இடையில் நின்று செய்தி கொண்டுசெல்வது ஏபிஐ. 'இதைச் சேர்' என்று செயலி கேட்டால் இரண்டு விதமாகப் பதில் வரலாம். ஒன்று, 'வெற்றி' என்ற ஒற்றைச் சொல். மற்றையது, உண்மையில் எழுதப்பட்ட பதிவு.

இரண்டும் ஒன்றல்ல. பதிவிலக்கத்தையும் நேரத்தையும் பெரும்பாலும் தரவுத்தளமே இடுகிறது. அனுப்பியவருக்கு அவை தெரியாது. அனுப்பியது அப்படியே சேமிக்கப்படும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. 2018 இல் 8.0 பதிப்பு வரும்வரை மைஎஸ்கியூஎல்லின் இயல்பு எழுத்துமுறை தமிழை ஏற்காத லத்தீன் முறை. கடும் சோதனை நிறுத்தப்பட்ட அத்தகைய அட்டவணையில் தமிழ்ப் பெயரை எழுதினால் வெறும் கேள்விக்குறிகளே மிஞ்சும். பிழை என்று அது நிற்காது, எச்சரிக்கையோடு விட்டுவிடும்.

திருத்தும்போதும் இதே சிக்கல் உண்டு. தவறான இலக்கத்தைக் கொடுத்து 'திருத்து' என்றால் எந்தப் பதிவும் மாறாது. ஆனால் தரவுத்தளம் அதைப் பிழையாகக் கருதாது. திருத்திய பதிவைத் திருப்பிக் கேட்டிருந்தால் வெறும் பட்டியல் வந்து உண்மையைக் காட்டிக்கொடுக்கும்.

போஸ்ட்கிரெஸ் 2006 முதல் 'ரிட்டர்னிங்' என்ற கட்டளையால் இந்த வசதியைத் தருகிறது. எஸ்கியூலைட்டில் 2021 இல் வந்தது. மைஎஸ்கியூஎல்லில் இல்லை, இலக்கத்தைப் பெற்று மீண்டும் வாசிக்க வேண்டும். சுப்பாபேஸின் ஜாவாஸ்கிரிப்ட் நிரலகம் 2 ஆம் பதிப்பிலிருந்து பதிவைத் தானாகத் திருப்புவதில்லை. 'செலக்ட்' என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

அதற்காக எல்லாவற்றையும் திருப்பிக் கேட்பதும் ஆபத்து. காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய சாட்சியம் முழுவதும் தொண்டர் ஒருவரின் கைத்தொலைபேசிக்குத் திரும்பினால், அது பறிபோகும் நாளில் ஒரு குடும்பமே அம்பலமாகும். 'ரிட்டர்னிங்' வேண்டிய நிரல்களை மட்டும் தரக்கூடியது. அதற்கும் வாசிக்கும் அனுமதி தேவை என்பதால், எவற்றைக் காட்டலாம் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்கலாம். பதிவிலக்கம், பெயர், திகதி ஆகிய மூன்றும் போதும்.

விபரம் கொடுப்பவர்கள் கேட்க வேண்டியதும் இம்மூன்றையே. 'பதிஞ்சாச்சு' என்ற வாய்ச்சொல்லோடு எழும்பி வராமல், சேமிக்கப்பட்ட பெயரைத் திரையில் காட்டச் சொல்லி எழுத்தெழுத்தாக வாசியுங்கள். இலக்கத்தை எழுதிக்கொண்டு வாருங்கள். நாளை விசாரணையில் தேடப்போவது அந்த இலக்கத்தைத்தான்.