போர்வீரன் இல்லத்தில் தொடரும் போர்

போர் முடிந்ததென்று அரசுகள் அறிவிக்கும் நாள் ஒன்று. போருக்குச் சென்று மீண்டவன் உள்ளத்தில் அது முடியும் நாள் வேறொன்று. இவ்விரு நாள்களுக்கும் இடையே பல்லாண்டுகள் கழிதல் கூடும். அவ்வாண்டுகளை அவன் தனித்துக் கழிப்பதில்லை. மனைவியும் மக்களும் உடனிருந்தே கழிக்கின்றனர். அயலவர் அரிதாகிய காட்டில் அத்தகைய குடும்பமொன்று வாழ நேரின் யாது நிகழும் என்பதை, நியூசிலாந்து நாட்டுப் பள்ளத்தாக்கு ஒன்றை முன்வைத்து ஈண்டு ஆராய்வாம்.

முதலாம் உலகப் போர்க் காலத்தில் அந்நாட்டின் குடித்தொகை ஏறக்குறைய 11 இலட்சமே. அவருள் ஏறக்குறைய ஓரிலட்சம் பேர் கடல் கடந்து போர்முனை சென்றனர். ஏறக்குறைய 18,000 பேர் மாண்டனர். மீண்டோருக்கு நிலம் வழங்குதற்கென அரசு 1915 இல் சட்டம் இயற்றிற்று. வட தீவிலே, வங்கனூயி ஆற்றை அடுத்த மங்கப்புருவா என்னும் பள்ளத்தாக்கு 1917 இல் இவ்வாறு வீரர்க்குத் திறந்துவிடப்பட்டது. செங்குத்தான சரிவுகளில் அடர்ந்திருந்த காட்டை வெட்டி, எரியூட்டி, புல் விதைத்து, ஆடுமாடு வளர்க்க முனைந்தனர். ஒரு காலத்தில் அங்கு 30 பண்ணைகளும், அடுத்த பள்ளத்தாக்கில் 16 பண்ணைகளும் இருந்தன.

திறந்த வெளியும் உடலுழைப்பும் வீரனின் மனத்தைத் தேற்றும் என்பது அக்காலத்தார் பலரது நம்பிக்கை. அதில் ஓரளவு உண்மையுமுண்டு. கூட்டமும் ஆரவாரமும் பொறாத மனத்துக்குக் காட்டின் அமைதி இதந்தரும், ஏவுவாருமில்லை, வினாவுவாருமில்லை. ஆயின், தான் தப்பி வந்ததெனக் கருதும் ஒன்றை அவன் தன்னுள்ளேயே சுமந்து வந்தான்.

அஃதென்ன? 1915 இல் சார்ல்ஸ் மயர்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் 'லான்செற்' என்னும் மருத்துவ இதழில் இந்நோய்பற்றி எழுதினார். எறிகணை வெடிப்பின் அதிர்ச்சியே இதற்குக் காரணமென அப்பொழுது பலர் கருதினர். வெடிப்பின் அருகே நில்லாதவரிடத்தும் இது காணப்பட்டபோது அவ்விளக்கம் போதாதென்பது புலனாயிற்று. கோழைத்தனம் என்று பழித்தோரும் உளர். 1980 இலேயே அமெரிக்க உளமருத்துவச் சங்கம் இதற்கு இன்று வழங்கும் பெயரைச் சூட்டி, நோய் வகுப்பு நூலிற் சேர்த்தது. நம்மவர் இதனை 'மனவடு' என்பர்.

ஆபத்து வருங்கால் உடலை ஆயத்தஞ் செய்வது மூளையின் இயல்பு. நெஞ்சு படபடக்கும், தசைகள் இறுகும், ஆபத்து நீங்க, உடல் தணியும். மாதக்கணக்காக மரணத்தின் முன் நின்றவர் சிலருக்கு இத்தணிவு முறையாக நிகழ்வதில்லை. போர் முடிந்த பின்னும் மூளை காவல் காத்துக்கொண்டேயிருக்கும். மரம் முறிந்து விழும் ஓசையும் அவனுக்குப் பீரங்கி ஓசையாகும். உறக்கத்தில் போர்க்களம் மீளும். விழித்திருக்கையில் அன்பும் மகிழ்வும் மரத்துப்போகும். திரும்பிய வீரர் அனைவரும் இந்நோயுற்றாரல்லர். உற்றாரும் அதனை விரும்பி ஏற்றாரல்லர்.

இனி அவ்வில்லத்தை நோக்குவாம். தந்தை எதனாற் சினந்தார் என்பது பிள்ளைக்கு விளங்காது. ஆதலின் தன்மீதே பிழையென்று எண்ணும். கதவை ஓசைப்படாது சாத்தவும், தந்தையின் முகம் நோக்கிப் பேசவும் கற்றுக்கொள்ளும். தாயோ இருபுறமும் நின்று காப்பவளாவாள். கணவன் உறங்காத இரவில் தானும் உறங்காள். அயலார் வினவின், 'அவர் களைத்திருக்கிறார்' என்று கூறி மறைப்பாள். இவ்வாறு ஒருவன் நோய்க்கு ஏற்ப வீடு முழுதும் வளைந்துவிடும். நகரிலாயின் மருத்துவரும் உறவினரும் கிட்டுவர். பிள்ளை பிறிதொரு வீட்டுக்கு ஓடிச்செல்லலாம். காட்டிலே அடுத்த வீடு நெடுந்தொலைவு, வழியோ சேறு, மதுவுண்டேல் கேடு இரட்டிக்கும். வீரனுக்கு இதந்தந்த அதே தனிமை, அவன் குடும்பத்துக்குச் சிறையாதலும் கூடும்.

மங்கப்புருவாவை வீழ்த்தியது மனநோயன்று. மண் சரிவும், வழியின்மையும், 1921 இல் நேர்ந்த விலை வீழ்ச்சியும், பின்வந்த பொருளாதார மந்தமுமே. 1936 இல் மங்கப்புருவா ஓடைக்குமேல் கொங்கிறீற் பாலம் ஒன்று கட்டிமுடிக்கப்பட்டது. அதற்குள் பலர் வெளியேறிவிட்டனர். 1942 இல் மூன்று குடும்பங்களே எஞ்சின. வெள்ளத்தால் வழி சிதைய, அரசு பள்ளத்தாக்கை மூடிவிட்டது. காடு மீண்டும் வளர்ந்து மூடிய அப்பாலம் இன்று 'எங்கும் செல்லாப் பாலம்' எனப்படுகின்றது. நிலமளித்த அரசு பாலத்தையும் அளித்தது; ஆயின் வீரன் மனத்துக்கும் அவன் இல்லத்தார் மனத்துக்கும் இடையே வேண்டிய பாலத்தை அமைக்க அக்காலத்தார் அறிந்திலர்.

இன்று அதற்கு வழியுண்டு. நோய்க்குப் பெயரிட்டு, 'இது உன் குற்றமன்று' என்று நோயாளிக்கும் பிள்ளைக்கும் உணர்த்துதல் முதற்படி. பயிற்சி பெற்றாரிடம் நினைவுகளைச் சிறிது சிறிதாக எடுத்துரைத்து அச்சத்தைத் தணித்தல் அடுத்த படி. இச்சிகிச்சை பலருக்குப் பயன் தந்துள்ளது. மனைவிக்கும் மக்களுக்கும் தனியே செவிசாய்த்தல் மற்றொன்று. நோயென்று அறிந்து பொறுப்பது வேறு; அடியையும் அச்சத்தையும் பொறுப்பது வேறு. பின்னதை எவரும் பொறுக்க வேண்டியதில்லை.

2009 வரை போரைக் கண்ட நம் மண்ணிலும் இத்தகைய இல்லங்கள் உள. படைக்கலம் ஏந்தாதாரும் ஈண்டு அவ்வடுவைத் தாங்கியுள்ளனர். காடு இல்லையாயினும், ஊர் நடுவே வாய்மூடியிருக்கும் வீடும் காட்டு வீடே. வகுப்பில் சிறு ஓசைக்கும் துணுக்குறும் மாணவனைக் காணும் ஆசிரியரும், அயல் வீட்டின் மௌனத்தை அறிந்த பழைய மாணவரும், அக்கதவைத் தட்டுவாராக. அத்தட்டுதலே பாலத்தின் முதற் கல்லாகும்.