ரிப்பீட், ஷை, கெம்பஸ்: பல்கலைக்கழகப் பேச்சில் சில சொற்கள்

சென்ற வருடம் எனது பழைய மாணவி ஒருத்தியின் வாப்பா பாடசாலைக்கு வந்தார். "சேர், புள்ள ரிப்பீட்டாம். ஒரு வருஷம் போச்சு. இனிப் படிச்சது போதும், கலியாணத்தப் பேசுவமெண்டு யோசிக்கிறன்" என்றார். மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரேயொரு பாடத்தில்தான் புள்ளி குறைவு.

தவறு வாப்பாவுடையதல்ல, சொல்லுடையது. உயர்தரத்தில் ரிப்பீட் என்றால் பரீட்சையை முழுவதும் திரும்ப எழுதுவது. வருடம் போகத்தான் செய்யும். பல்கலைக்கழகத்திலோ விட்ட பாடத்தை மட்டும் அடுத்த பெட்சோடு எழுதலாம், தன் பெட்சோடு மேலேயும் போகலாம். நட்டம் ஒன்று உண்டு. திரும்ப எழுதும் பாடத்துக்குப் பெரும்பாலும் 'சி'க்கு மேல் தரமாட்டார்கள். வகுப்புச் சித்தி கைநழுவலாம். உண்மையில் வருடம் போவதற்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் சொல் வேறு: 'பெட்ச் மிஸ்'.

உயர்தரப் பிள்ளைகள் 'செக்கண்ட் ஷை' என்பார்கள். ஷை என்றால் கூச்சம் என்றுதான் நாம் படித்தோம். ஆங்கிலத்தில் அதற்குக் குறிபார்த்து எறிதல் என்றும் ஒரு பொருள் உண்டு. அதிலிருந்து முயற்சி என்றானது. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று எறிதான்.

'கெம்பஸ்' என்பதற்குப் பின்னால் ஒரு வரலாறே இருக்கிறது. 1972இல் நாட்டின் பல்கலைக்கழகங்களை இலங்கைப் பல்கலைக்கழகம் என ஒன்றாக்கி, பேராதனை வளாகம், கொழும்பு வளாகம் என்று பெயரிட்டார்கள். 1974இல் யாழ்ப்பாண வளாகம் வந்தது. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அவை மறுபடி தனிப் பல்கலைக்கழகங்களாயின. சட்டம் மாறியது, வாய் மாறவில்லை. இன்றும் நமக்குப் பிள்ளை 'கெம்பஸ் போறான்'தான்.

வாப்பா எழும்பும்போது இன்னொன்று கேட்டார்: "எங்கட மச்சான்ட மகன் செக்கண்ட் அப்பர்ல பாஸ் அவுட்டாம். அப்ப முதலாவது வந்தது யாரு?"

இரண்டாமிடம் அல்ல, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு என்றேன். முதல் வகுப்புக்கு அடுத்த படி அது. ஒரே பெட்சில் எத்தனை பேரும் எடுக்கலாம். கீழ்ப்பிரிவு 'செக்கண்ட் லோவர்', அதற்கும் கீழே சாதாரண சித்தி. 'பாஸ் அவுட்' என்பதை மட்டும் இங்கிலாந்துக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள். பையன் மயங்கி விழுந்துவிட்டான் என்று பதறுவார்.

மகள் அந்தப் பாடத்தை இந்த வருடம் எழுதிவிட்டாள். கலியாணப் பேச்சு இப்போதைக்கு இல்லை.