'நியூமா': காற்றும் ஆவியும்

மரத்தை அலைப்பதும் மரக்கலத்தைச் செலுத்துவதுமாகிய காற்றுக்குப் பண்டைக் கிரேக்கர் வழங்கிய பொதுச்சொல் 'அனெமொஸ்' என்பது. வடமொழி 'அனில' என்பது இதற்கு இனச்சொல். 'நியூமா' என்பதோ, 'ஊது, வீசு' எனப் பொருள்படும் வினையடியாகப் பிறந்து, காற்றையும் மூச்சையும் ஒருங்கே சுட்டியது. ஸ்தொயிக்கர் அதனை உலகெங்கும் ஊடுருவி நிற்கும் உயிர்த்தத்துவத்தின் பெயராக்கினர். எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் ஆக்கியோர், காற்று, மூச்சு, ஆவி என்னும் முப்பொருளும் தரும் 'ரூவாக்' என்பதற்குப் பெரும்பாலும் இதனையே ஆண்டனர்.

இப்பன்மைப் பொருளே மொழிபெயர்ப்பாளரை இடருக்குள்ளாக்குவது. யோவான் சுவிசேஷம் 3ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தில் இச்சொல் இருமுறை வருகின்றது. ஓசை கேட்கும், வரும் இடமோ போகும் இடமோ தெரியாது என்று முதலிற் கூறப்படுவது காற்று. இறுதியிற் கூறப்படுவது ஆவி. கிரேக்கத்தில் இரண்டும் ஒரே சொல். தமிழில் அவை இரு சொற்களாகப் பிரிந்துவிட, சிலேடை மறைந்து உவமை மட்டும் எஞ்சுகின்றது.

இது மொழிபெயர்த்தோர் குறையா? அயற்சொல்லுக்கு நேர்ச்சொல் தேடும் பணி உடுவிலுக்குப் புதியதன்று. 1862இல் தமிழ்–ஆங்கிலப் பேரகராதியை வெளியிட்ட மிரன் வின்சுலோவும், அகராதிப் பணியில் உழைத்த லீவை ஸ்போல்டிங்கும் இவ்வூரில் அமெரிக்க மிஷன் பணியாற்றியவர்கள். அவர்களுக்குக் கைகொடுக்கக்கூடிய தமிழ்ச் சொற்களை நாம் எண்ணிப் பார்க்கலாம். 'வளி' ஓரளவு பொருந்தும்: குறளில் அது வீசும் காற்று, உடலின் முந்நோய்க் கூறுகளில் முதலாவதும் அதுவே, தொல்காப்பியப் பிறப்பியலில் எழுத்தொலிக்குக் காரணமான உள்மூச்சும் ஆகும். ஆயினும் ஆன்மா என்னும் பொருள் அதற்கில்லை. 'உயிர்ப்பு' மூச்சையும் உயிரையும் இணைக்கும். வெளியே வீசும் காற்றை உணர்த்தாது. பழைய கத்தோலிக்கர் 'இஸ்பிரீத்து சாந்து' என்று போர்த்துக்கேயச் சொல்லையே வைத்துக்கொண்டனர். தமிழ்ச் செவிக்கு அதில் காற்றுமில்லை, மூச்சுமில்லை. வெறும் பெயரே உண்டு.

ஆகவே 'ஆவி' தக்க தெரிவே என்பது எம் கருத்து. ஆனால் அது படிமத்தை மாற்றிவிடுகின்றது என்பதை ஆய்வாளர் போதிய அளவு கவனித்திலர். சோழகத்தையோ வாடையையோ கச்சானையோ எவரும் ஆவி என்னார். பிட்டுப் பானையில் எழுவது ஆவி. அது உள்ளிருந்து வெப்பத்தோடு கிளம்புவது, கண்ணுக்கும் புலப்படுவது. நியூமாவோ புறத்திருந்து வருவது, காணப்படாது கேட்கப்படுவது.