காடு மாதிரி கல்யாண மேடை: புடவை எப்படி எடுப்பது?



கல்யாண மேடை என்றால் முன்பெல்லாம் வாழைமரம், தென்னங்கீற்று, பூச்சரம். இப்போது பிள்ளைகள் செல்போனில் படம் பார்த்துவிட்டு, "கதையில வர்ற காடு மாதிரி மேடை வேணும்மா" என்கிறார்கள். கொடி, இலை, மரக்கிளை, நடுவில் சின்னச் சின்ன விளக்கு. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆசைப்படுவதும் தப்பில்லை. ஆனால் "மேடைக்கு ஏத்த மாதிரி கவுன் எடுங்க, லெஹங்கா எடுங்க" என்று சொல்லும்போதுதான் செலவு ஏறுகிறது. ஒரு நாள் போட்ட கவுனை மறுபடி எங்கே போடுவது? பெட்டியில்தான் தூங்கும்.

காடு நம்ம புடவையிலேயே இருக்கு

சங்க காலத்துப் பெண்கள் இலையும் பூவும் சேர்த்துத் தொடுத்த தழையாடை உடுத்தினார்கள். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் மலைக்காட்டுப் பெண்கள் பறித்து வந்த 99 பூக்களின் பெயர் வருகிறது. அந்தக் காடு நம்ம நெசவிலும் இருக்கிறது. பட்டுப் புடவையில் 'வனசிங்காரம்' என்றே ஒரு வேலைப்பாடு உண்டு. மரம், கொடி, மான், மயில், யானை, கிளி எல்லாம் அதில் வரும். மயில், அன்னம், யாளி, மல்லிமொக்கு, தாழம்பூ, மாங்காய் என்று தனித்தனியாகவும் கிடைக்கும்.

இதற்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். நம்ம மாவட்டத்து ஆரணியே பட்டுக்குப் பேர் போன ஊர். திருவண்ணாமலை, போளூர் வழியாக பஸ்ஸில் போய்விடலாம். காஞ்சிபுரம் பட்டு போலவே ஆரணிப் பட்டும் புவிசார் குறியீடு பெற்றது. பொதுவாக ஆரணிப் புடவை எடை குறைவு, விலையும் குறைவு.

நிறம் எப்படிப் பார்ப்பது?

மேடை பச்சையாக இருந்தால் பச்சைப் புடவை வேண்டாம். போட்டோவில் பொண்ணும் இலையோடு இலையாகக் கலந்துவிடுவாள். அரக்கு, மாம்பழ மஞ்சள், குங்குமச் சிவப்பு எடுத்தால் எடுப்பாகத் தெரியும். பச்சைதான் வேண்டும் என்று பொண்ணு ஆசைப்பட்டால் கரையில் பச்சை வைக்கலாம். மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டியில் அதே நிறக் கரை போதும். தலைக்கு மல்லி, கனகாம்பரம், மரிக்கொழுந்து வைத்தால் காட்டு வாசமும் வந்துவிடும். முதலில் பொண்ணைக் கேளுங்கள். கட்டப் போவது அவள்தானே!

ஏமாறாமல் வாங்க

1. சில்க் மார்க் முத்திரை பாருங்கள். மத்திய பட்டு வாரியம் 2004-ல் கொண்டுவந்தது. நூல் சுத்தமான பட்டு என்பதை மட்டும்தான் அது சொல்லும். ஜரிகையைப் பற்றிச் சொல்லாது.

2. கைத்தறி முத்திரை வேறு. 2006-ல் வந்தது. கைத்தறியில் நெய்தது என்பதற்கு அடையாளம்.

3. சந்தேகம் வந்தால் முந்தானை நுனியில் இரண்டு நூல் எடுத்துக் கொளுத்திப் பாருங்கள். பட்டு, முடி கருகின வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி உருண்டையாகும்.

4. அசல் ஜரிகை என்பது பட்டு நூல் மேல் வெள்ளி சுற்றி, தங்க முலாம் பூசியது. அதனால்தான் வெள்ளி விலை ஏறினால் புடவை விலையும் ஏறுகிறது. செம்பு ஜரிகை விலை குறைவு. அது தப்பு இல்லை. அதற்கு அசல் விலை கொடுப்பதுதான் தப்பு. எந்த ஜரிகை என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்க

புடவைக்காக வெளியில் 20,000 ரூபாய் கடன் வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 5 ரூபாய் வட்டி என்றால் மாதம் 1,000. வருஷத்துக்கு 12,000 ரூபாய் வட்டி மட்டுமே போகும், அசல் அப்படியே நிற்கும். அதே பணத்தைக் குழுவில் நூற்றுக்கு 1 ரூபாய் வட்டியில் உள்கடனாக எடுத்தால் முதல் மாத வட்டி 200 தான். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். ஒரு வருஷம் முன்னாலேயே மாதம் 1,000 தனியாகச் சேர்த்தால் 12,000 கையில் இருக்கும், கடனே பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

"வாழ்க்கையில ஒரு தடவைதானே" என்போம். கல்யாணம் ஒரு தடவைதான். ஆனால் தவணை மாதா மாதம் வரும். கையில் குறைவாக இருந்தால் முகூர்த்தத்துக்கு ஒரு பட்டு, வரவேற்புக்கு ஒரு பட்டுப்பருத்திப் புடவை என்று எடுங்கள். ரவிக்கை வேலைப்பாட்டுக்குப் புடவை விலைக்குச் சமமாகக் கொடுக்க வேண்டியதில்லை. கொடி, பூ தையல் தெரிந்த உறுப்பினர் நம்ம குழுக்களிலேயே இருப்பார்கள். அந்தக் கூலி அவர்களுக்கே போகட்டுமே!

வீட்டில் கல்யாணம் வைத்திருக்கும் தோழிகள் கடைக்குப் போகும் முன் அடுத்த குழுக் கூட்டத்தில் இந்தக் கணக்கைப் பேசுங்கள். எவ்வளவு வரை போகலாம் என்று முடிவு செய்து, ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குள் போங்கள். கடையில் விரிக்கிற நூறு புடவைக்கு நடுவில் அந்தத் தாள்தான் உங்களுக்குத் துணை.