முள் நீங்கவில்லை, அமைதி கிடைத்தது

கொச்சியைச் சேர்ந்த மேரி வர்கீஸ், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இளம் டாக்டர். 1954-இல் சக டாக்டர்களோடு அவர் உல்லாசமாகப் புறப்பட்ட வண்டி வழியில் கவிழ்ந்தது. முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனது.

எழுந்து நடக்க வேண்டும் என்பதுதானே அந்நிலையில் எவருக்கும் முதல் பிரார்த்தனை? அது நிறைவேறவில்லை.

தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தி வந்த டாக்டர் பால் பிராண்ட், மேரியைத் தம்மோடு பணியாற்ற அழைத்தார். கை அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம். கால்கள் போனால் என்ன, கைகள் இருக்கின்றனவே! சக்கர நாற்காலியில் அமர்ந்து மேரி மீண்டும் கத்தியை எடுத்தார்.

பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். சி.எம்.சி.யில் அதற்கெனத் தனித்துறையைத் தொடங்கி வைத்தார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு மையமும் எழுந்தது. 'இனி வாழ்வே இல்லை' என்று வந்தவர்கள், தங்களைப் போலவே சக்கர நாற்காலியில் வந்த டாக்டரைக் கண்டார்கள். அதைவிட வேறு ஆறுதல் மொழி வேண்டுமா?

1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற மேரி, 1986-இல் மறைந்தார். இறுதிவரை அவர் நடக்கவில்லை.

தம் உடலில் தைத்த முள்ளை எடுத்துவிடும்படி பவுல் அடிகளும் மூன்று முறை வேண்டினார். முள் நீங்கவில்லை, அதைத் தாங்கக் கிருபை கிடைத்தது. கிறிஸ்தவம் சொல்லும் சமாதானம் துன்பமே வராத வாழ்வு அன்று. இழந்ததையே எண்ணி ஏங்கிய மனம், எஞ்சியிருப்பதைக் கடவுளிடம் ஒப்படைக்கும்போது பிறக்கும் அமைதி அது.