பகவந்தி செய்தது சரியா?

"நாடகம்தானே, இதற்கு இத்தனை சண்டையா?" என்று கேட்பவர்கள் 1984-ல் தில்லி குவார்ட்டர்ஸில் குடியிருக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு ஜூலை 7-ஆம் தேதி தூர்தர்ஷனில் 'ஹம் லோக்' தொடங்கியது. மனோகர் ஷ்யாம் ஜோஷி எழுத, பி. குமார் வாசுதேவ் இயக்கினார். 1985 டிசம்பர் 17 வரை 156 பகுதிகள். ராமகிருஷ்ணபுரத்தில் எங்கள் படிக்கட்டில் எட்டு வீடுகள், டி.வி. இருந்தது இரண்டில். ஒன்று எங்களுடையது. ஆகவே எங்கள் கூடம்தான் கொட்டகை.

கதை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். குடிகாரக் கணவன் பசேசர் ராம். வாயில்லாப் பூச்சியாக மனைவி பகவந்தி. குத்திக்காட்டும் மாமியாராக தாதி. படுக்கி, மஜ்லி, சுட்கி என்று மூன்று பெண்கள், லல்லு, நன்ஹே என்று இரண்டு பிள்ளைகள்.

என் மாமியார் கும்பகோணத்திலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஹிந்தியில் 'பானி', 'சப்ஜி' தவிர ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு பகுதியைக்கூட விடமாட்டார். "அவள் அழறதுக்கு பாஷை எதுக்கு?" என்பார். அவர் தீர்ப்பு, "பொம்மனாட்டின்னா இவதான். எத்தனை பொறுமை!" தாதியை மட்டும் அவருக்குப் பிடிக்காது. "அந்தக் கிழவிக்கு வாய் ஜாஸ்தி." (இதைக் கேட்டு நான் சிரிக்காமல் இருந்ததும் பொறுமைதான்.)

எதிர் வீட்டு பஞ்சாபி அம்மா 1947-ல் லாகூரிலிருந்து கைக்குழந்தையோடு வந்தவர். தையல் மெஷினை வைத்தே பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். அவருக்கு பகவந்தியைக் கண்டாலே கோபம் வரும். "ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த ஆளை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தட்டும். இவள் சும்மா இருப்பதால்தான் அவன் ஆடுகிறான்!" என்று கத்துவார்.

இருவருக்கும் நடுவில் நான் துபாஷி. புகுந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆன மருமகள், "வாயை மூடிக்கொண்டு இருக்கும் மனைவி முட்டாள்" என்பதை மாமியாரிடம் தமிழில் சொல்ல வேண்டும்! பாதியை விழுங்கிவிட்டுச் சொல்வேன். ஆனாலும் அந்தச் சாக்கில், நானாகச் சொல்ல முடியாத பலதை அந்த அம்மாவின் பெயரில் சொல்லிவிட்டேன் என்பதும் உண்மை.

பசேசர் ராம் குடித்துவிட்டு வந்து கலாட்டா செய்த ஒரு பகுதி. முடிந்ததும் வழக்கமாகப் பேசும் மாமியார் பேசவில்லை. பிறகு எதிர் வீட்டு அம்மாவைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னார்: "நானும் முப்பது வருஷம் இப்படித்தான் வாயைத் திறக்காமல் இருந்தேன். யாரும் மெடல் குத்தலை." என் மாமனார் குடித்தவரல்ல, கோபக்காரர் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். "இதை அவளுக்குச் சொல்லாதே" என்றார். நான் சொல்லவில்லை. அந்த அம்மாவும் அன்று அர்த்தம் கேட்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், பகவந்தியைப் படைத்தவர்களே எதிர் வீட்டு அம்மாவின் கட்சி! மெக்ஸிகோவில் தொடர்கள் மூலம் சமூகக் கருத்துகளைப் பரப்பிய முறையைப் பார்த்துத்தான் இங்கும் தொடங்கினார்கள். முதலில் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம் தூக்கலாக இருந்தது. ஜனங்கள் ரசிக்கவில்லை என்றதும் அடக்கி வாசித்தார்கள். 'இப்படி இருக்காதீர்கள்' என்று காட்டத்தான் பகவந்தி. ஆனால் அர்விந்த் சிங்கலும் எவரெட் ரோஜர்ஸும் பின்னர் செய்த ஆய்வில், பார்த்தவர்களில் பலர் அவளையே பின்பற்றத்தக்க பெண்ணாக எடுத்துக்கொண்டது தெரியவந்தது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் அசோக் குமார் வந்து என்னதான் எடுத்துச் சொன்னாலும், ஜனங்கள் தங்கள் வீட்டுக் கண்ணாடி போட்டுத்தான் பார்த்தார்கள். கடிதங்கள் இலட்சக்கணக்கில் குவிந்தன. எங்கள் படிக்கட்டிலிருந்தும் ஒன்று போயிற்று. எழுதியவர் பஞ்சாபி அம்மா. பதில் வந்ததா என்று தெரியாது.

பிறகு கேபிள் வந்தது, சன் டி.வி. வந்தது. 2002 முதல் 2005 வரை 'மெட்டி ஒலி' ஓடியபோது எங்கள் வீட்டில் சண்டை முழுக்கத் தமிழிலேயே நடந்தது. ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரமாக நடித்தவர், பெயரிலேயே நம் ஊரைச் சுமந்த டெல்லி குமார். புகுந்த வீட்டில் சரோஜா படும் பாட்டைப் பார்த்துப் பெரியவர்கள், "அப்பா மனசு நோகக்கூடாதுன்னு பொறுத்துக்கறா, பாவம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டோம். தில்லியிலேயே பிறந்து, அப்போது சட்டம் படித்துக்கொண்டிருந்த என் பெண், "498-ஏ 1983-லேயே வந்தாச்சே அம்மா! அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாதா?" என்றாள். "எல்லாத்துக்கும் கோர்ட்டா?" என்றார் என் கணவர். அன்று அவள் சாப்பிடாமல் படுத்தாள். மாமியார் அப்போது படுத்த படுக்கை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது: "குழந்தை சொல்றது சரிதாண்டா."

மெகா தொடர்கள் மீது எனக்கும் குறை உண்டு. ஒரு அறைக்கு மூன்று நாள் 'க்ளோஸ்-அப்' காட்டுவதும், தூங்கும்போதுகூடப் பட்டுப்புடவையும் அட்டிகையுமாகப் படுப்பதும் எந்த ஊர் வழக்கமோ! ஆனால் கதாபாத்திரங்களைப் பற்றிச் சண்டை போடுவதை வெட்டிப்பேச்சு என்று ஆண்கள் தள்ளும்போது எனக்கு ஒப்பவில்லை. சொந்தக்காரர்களும் இல்லாத ஊரில், பகவந்தியையும் சரோஜாவையும் வைத்துத்தான் எங்களால் சில விஷயங்களைப் பேச முடிந்தது.

இப்போது என் பேரன் காதில் 'இயர்போன்' மாட்டிக்கொண்டு தனியாகப் பார்க்கிறான். என்ன பார்க்கிறாய், யார் கட்சி நீ என்று கேட்டால், "கட்சியா, பாட்டி?" என்கிறான். உட்காரவைத்து 'ஹம் லோக்' கதையைச் சொல்ல ஆரம்பித்திருக்கிறேன். பசேசர் ராம் வரை வந்திருக்கிறோம்.